ரையலைட் நெகட்டிவ்ல விழுந்த மின்னல்: மூணு பழைய கேமரா, ஒரு பாலைவனம்

பழைய கேமராவுல எடுத்த படத்துல என்ன குறை இருந்தாலும் "விண்டேஜ் லுக்"னு சொல்லி கடந்து போயிடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வெளிச்சம் கசிஞ்சாலும் லுக்கு, மங்கலா வந்தாலும் லுக்கு, கோடு விழுந்தாலும் லுக்கு. நெகட்டிவ்ல இருக்கிற ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, சிலது கேமராவோட வயசு, சிலது அந்த இடத்தோட வெயிலும் வறட்சியும், சிலது எடுத்தவரோட கை. இதைப் பிரிச்சுப் பாத்தா தான் எதை வச்சுக்கலாம் எதைச் சரி பண்ணணும்னு முடிவு பண்ண முடியும். அப்படிப் பிரிச்சுப் பாக்க அருமையா அமைஞ்ச ஒரு கேஸ் இது.

படம் எடுத்தவர் எங்க வட்டத்துல எல்லாரும் அண்ணன்னு கூப்பிடுற ஆளு. பிழைப்புக்கு வேற வேலை, போட்டோ எடுக்கிறது ஆசைக்கு, பழைய கேமராவைக் கண்டா விட மாட்டார். அவர் எடுப்பார், டெவலப் பண்றதும் ஸ்கேன் பண்றதும் என் தலையில. அமெரிக்காவுல நெவாடா பாலைவனத்துல இருக்கிற ரையலைட்டுக்குத் தனியா போயிட்டு வந்து ஒரு கவர் நிறைய ரோலை என் கையில குடுத்துட்டு "பாத்து பண்ணு தம்பி, உள்ள பொக்கிஷம் இருக்கு"ன்னார்.

ரையலைட் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா கேஸ்ல பாதி அந்த இடம் தான். 1904-ல ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ்னு ரெண்டு பேர் அந்தப் பக்கம் தங்கம் கண்டுபிடிக்க, அடுத்த வருஷமே ஊர் முளைச்சிருச்சு, பேங்க், ரயில் ஸ்டேஷன், கரண்ட் எல்லாம் வந்துச்சு, சுரங்கம் படுத்ததும் ஜனம் கிளம்பிருச்சு, 1916-ல கரண்ட்டையும் நிறுத்திட்டாங்க. இப்ப மிச்சம் இருக்கிறது குக் பேங்க்கோட மூணு மாடிச் சுவர், ரயில் ஸ்டேஷன், அப்புறம் டாம் கெல்லிங்கிறவர் 1906-ல சுமார் 50,000 பாட்டிலை அடுக்கிக் கட்டின வீடு. ஊருக்குள்ள போற வழியில தான் கோல்ட்வெல் ஓப்பன் ஏர் மியூசியம். டெத் வேலியை ஒட்டின இடம், பக்கத்து ஊர் பீட்டி.

இந்த மியூசியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஆல்பெர்ட் ஷுகால்ஸ்கிங்கிற பெல்ஜியம் சிற்பி. 1984-ல அங்க வந்து கடைசி இராப்போஜனக் காட்சியை டா வின்சி ஓவியத்துல இருக்கிற வரிசையிலேயே ஆளுயர உருவங்களா செஞ்சார். செஞ்ச விதம் தான் விசேஷம். உயிரோட இருக்கிற ஆளுங்களை நிக்க வச்சு பிளாஸ்டர்ல முக்கின சாக்குத் துணியை மேல போத்தி, அது இறுகினதும் ஆளை மட்டும் மெதுவா வெளிய எடுத்துட்டார். அதனால மிச்சம் நிக்கிறது வெறும் துணி மட்டும், முகம் இருக்க வேண்டிய இடத்துல இருட்டு. அப்புறம் காத்து மழைக்குத் தாங்கணும்னு ஃபைபர் கிளாஸ் பூச்சு. அதே வருஷம் செஞ்ச இன்னொண்ணு "கோஸ்ட் ரைடர்", சைக்கிள் பக்கத்துல நிக்கிற ஒரு வெள்ளை உருவம், இப்ப ஏறிடப் போறாங்கிற மாதிரி நிக்கும். பின்னாடி மத்த பெல்ஜியம் கலைஞர்களும் வந்தாங்க. ஹியூகோ ஹெய்ர்மன் 1992-ல சிண்டர் பிளாக் அடுக்கி ரோஸ் கலர்ல ஒரு பெரிய பொம்பளைச் சிலை வச்சார், கட்டம் கட்டமா, கம்ப்யூட்டர் பிக்சல் மாதிரியே. ஃப்ரெட் பெர்வூட்ஸ் 1994-ல இரும்புத் தகட்டுல ஒரு சுரங்கக்காரரையும் கூடவே ஒரு பென்குவினையும் நிறுத்தினார், பாலைவனத்துல பென்குவின் எதுக்குன்னு கேக்கக் கூடாது. டிக்கெட் கிடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா போகலாம்.

அண்ணன் எடுத்துட்டுப் போன கேமரா மூணு. ஒண்ணு யாஷிகா மேட் 124ஜி, ரெட்டை லென்ஸ், 1970-ல வந்த மாடல். ரெண்டாவது ஆர்கஸ் சி3, 1939-ல இருந்து 1966 வரைக்கும் மிஷிகன்ல செஞ்சது, அமெரிக்காக்காரங்களே செங்கல்னு பட்டப்பேர் வச்ச கேமரா. மூணாவது கோடாக் பிரவுனி ஹாக்ஐ ஃபிளாஷ், 1950கள்ல வீட்டுக்கு வீடு இருந்த பேக்கலைட் பெட்டி, ஒத்தை கண்ணாடி லென்ஸ், ஃபோகஸ் கிடையாது, ஸ்பீடு மாத்த வழி கிடையாது. மூணுலயும் கருப்பு வெள்ளை பிலிம் தான், இல்ஃபோர்ட் எஃப்பி4, 125 ஐஎஸ்ஓ (பிலிம் எவ்வளவு வெளிச்சத்துக்கு மசியும்ங்கிற அளவு).

யாஷிகா ரோல் தான் முதல்ல டெவலப் பண்ற டேங்க்கை விட்டு வெளிய வந்துச்சு. எடுத்துப் பாத்தா நெகட்டிவ் பூரா மெல்லிசு, தொங்க விட்டா பின்னாடி டைல்ஸ் தெரியுது. அதாவது பிலிமுக்குப் போதுமான வெளிச்சம் போகல. டெவலப்பர் செத்துப் போச்சோன்னு தான் யாருக்கும் முதல்ல தோணும், ஆனா ஓரத்துல இருக்கிற கம்பெனி எழுத்தும் நம்பரும் நல்லா கருகருன்னு இருந்துச்சு. அது ஃபேக்டரியிலயே எக்ஸ்போஸ் ஆகி வர்றது, அது சரியா வந்திருக்குன்னா டெவலப்பர் மேல பழி போட முடியாது. அப்ப கேமரா மீட்டர். இந்த மீட்டர் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்குன்னு செஞ்சது, அமெரிக்காவுல 1996-ல சட்டம் போட்டு அந்தப் பேட்டரியை நிறுத்திட்டாங்க, இப்ப அதே சைஸ்ல கிடைக்கிறது 1.5 வோல்ட் அல்கலைன். வோல்ட் கூடினா முள்ளு கூட ஏறும், இருக்கிறதை விட வெளிச்சம் அதிகம்னு காட்டும், நாம அதை நம்பி லென்ஸ் துளையைச் சின்னதாக்கிடுவோம்.

ஆனா பேட்டரி மட்டும்னா எல்லா ஃபிரேமும் ஒரே அளவுக்கு மெல்லிசா இருக்கணும்ல. அப்படி இல்ல. பேங்க் சுவர் இருக்கிற ஃபிரேம் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி) கம்மின்னா, வெள்ளை உருவங்கள் இருக்கிற ஃபிரேம் ரெண்டு ஸ்டாப்புக்கு மேல கம்மி. பழுப்புச் சுவர் மீட்டர் எதிர்பாக்கிற நடு சாம்பலுக்கு ஓரளவு பக்கம், அதனால அங்க தெரியுற குறை முழுக்க பேட்டரியோடது. வெள்ளை பிளாஸ்டரும் வெளுத்த தரையும் ஃபிரேமை அடைச்சுக்கிட்டா மீட்டர் அதையும் சாம்பலாக்கப் பாக்கும், அந்த மிச்சக் குறை சிலையோடது. ஒரே ரோல்ல ரெண்டு குறை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. அண்ணனுக்கு அந்த மெல்லிசு படங்கள் பிடிச்சிருந்துச்சு, "பேய் மாதிரியே இருக்கே"ன்னார். பேய் மாதிரி இருக்கணும்னா வெள்ளை வெள்ளையா வரணும்ணே, இது சிமென்ட் மூட்டை கலர்ல இருக்குன்னேன், கொஞ்ச நேரம் பேசல.

இதுக்கு மருந்து காது மிஷினுக்குப் போடுற 675 ஜிங்க் ஏர் பேட்டரி, ஒரு சின்ன வளையம் வச்சு உக்கார வச்சா வோல்ட்டேஜ் பழைய மெர்க்குரிக்குக் கிட்டத்துல நிக்கும். ஆனா ஸ்டிக்கரைப் பிரிச்சதும் காத்து உள்ள போக ஆரம்பிச்சிரும், வறண்ட காத்துல சீக்கிரமே காஞ்சு போகும், அதனால பாலைவனத்துக்குப் போறவங்க ஸ்டிக்கரை அங்க போய் பிரிக்கிறது நல்லது. இல்லன்னா மீட்டரையே மறந்துட்டு வெயில்ல லென்ஸ் துளை எஃப்16, ஸ்பீடு ஒரு செகண்டை ஐஎஸ்ஓ நம்பரால வகுத்ததுங்கிற பழைய கணக்கைப் போட்டுட்டுப் போயிடலாம், வெளுத்த மணல்னா இன்னும் சின்ன துளை, எஃப்22. ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி இல்லாமலே ஓடும்.

ஆர்கஸ் ரோல்ல விஷயம் ரொம்ப இல்ல. நீளவாக்குல ரோல் பூரா ஒரே நேர்க்கோடு, பிரின்ட்ல வெள்ளையா விழுது. பிலிமோட முதுகுப் பக்கம் கீறினா பிரின்ட்ல வெள்ளைக் கோடு, மருந்துப் பக்கம் கீறினா கருப்புக் கோடு. அதனால பின்கதவுல பிலிமை அழுத்துற தகட்டுல மண் துகள் ஒட்டியிருக்குன்னு பிரிச்சுப் பாக்காமலே சொல்லிடலாம், பிரிச்சப்ப இருந்துச்சு. இன்னொண்ணு, அங்கங்க சில ஃபிரேம் மட்டும் காரணமே இல்லாம ஓவரா வெளிச்சம் வாங்கி ஆடிப் போயிருந்துச்சு. ஷட்டர் கிரீஸ் காஞ்சிருச்சுன்னா எப்பவும் மெதுவா ஓடும், இப்படி நினைச்சா நினைச்சப்ப வராது. ஆர்கஸ்ல முன்பக்கம் ஒரு நெம்புகோல், அதை அழுத்தித் தான் ஷட்டரைத் தயார் பண்ணணும், சுடும்போது அந்தக் கோல் திரும்ப மேல வரும், வர்ற வழியில விரல் இருந்தா ஷட்டர் பாதியில தடுமாறும். அண்ணனைப் பிடிச்சுக் காட்டச் சொன்னேன், நடுவிரல் சரியா அங்க தான் போய் உக்காருது. அவ்வளவு தான் அந்தக் கதை.

பிரவுனி ரோல்ல தான் பொக்கிஷம். கோஸ்ட் ரைடர் ஃபிரேம். நடுவுல அந்த வெள்ளை உருவமும் சைக்கிளும், சாயங்கால நிழல் நீளமா விழுந்திருக்கு, வானத்துல மேல இருந்து உருவத்தோட தலை வரைக்கும் கிளை கிளையா பிரிஞ்சு வேர் மாதிரி ஒரு வெள்ளை மின்னல். வலது பக்கம் நிலா மாதிரி வட்டமா ஒரு வெளுப்பு. ஓரமெல்லாம் கரைஞ்சு போயிருக்கு. பாத்தவங்க எல்லாரும் வாயைப் பிளந்தாங்க, நானும் தான். அண்ணன் "அந்த இடத்துல என்னமோ இருக்கு தம்பி, ஆராயாத"ன்னு சொல்லிட்டார். வேற யார் விட்டாலும் நான் விடுவனா.

அன்னைக்கு வானத்துல மேகமே இல்லன்னு யாஷிகா ஃபிரேம்களே சொல்லுது. அதுவும் வேண்டாம், நெகட்டிவை லைட் டேபிள்ல வச்சு லூப்ல (பெரிசாக்கிக் காட்டுற கண்ணாடி) பாத்தா விஷயம் பளிச்சுனு தெரியும்: மின்னலோட கிளை படத்தோட எல்லையைத் தாண்டி ஓரத்துல இருக்கிற தெளிவான பட்டையிலயும் ஓடுது. லென்ஸ் வழியா வந்த எதுவும் ஃபிரேம் சட்டத்துக்கு வெளிய போக முடியாது. சட்டத்துக்கு வெளிய தடம் இருக்குன்னா அது லென்ஸ் பாத்தது இல்ல, பிலிமுக்கு நேரடியா நடந்தது. பழைய கேமரா வச்சிருக்கிறவங்க வேற எதையும் தெரிஞ்சுக்கலைன்னாலும் இந்த ஒரு சோதனையைத் தெரிஞ்சுக்கலாம், சண்டை பாதி குறையும்.

அப்ப அது என்ன? ஸ்டாட்டிக் கரண்ட். ரோல் பிலிம்ல பிலிமும் முதுகுக் காகிதமும் ஒண்ணோட ஒண்ணு சுத்தியிருக்கும், சுத்தும்போது ரெண்டும் உரசிப் பிரியுது. காத்துல ஈரம் இருந்தா சேர்ற சார்ஜ் சத்தம் போடாம கசிஞ்சு போயிரும். பாலைவனத்துல காத்து காஞ்சு கிடக்கு, சார்ஜ் போக வழி இல்லாம சேர்ந்து சேர்ந்து ஒரு இடத்துல பட்டுனு தாவும், தாவுறப்ப வர்ற அந்த குட்டி வெளிச்சமே பிலிம்ல பதிஞ்சிரும். நிஜ மின்னல் கிளை விடுற அதே காரணத்தால தான் இதுவும் கிளை விடுது, அதனால அண்ணனோட நம்பிக்கை ஒரு விதத்துல பாதி சரி, மின்னல் தான், ஆனா கேமராவுக்குள்ள, விரல் அளவுல. சந்தேகம் இருந்தா 120 ரோல் (யாஷிகாவுல போடுற அகலமான பிலிம்) டெவலப் பண்றவங்க இருட்டுல பிலிமை காகிதத்துல இருந்து பிரிக்கிறப்ப கடைசியா இருக்கிற டேப்பை வெடுக்குனு இழுத்துப் பாருங்க, நீலமா ஒரு மினுக்கு கண்ணுக்கே தெரியும். அதனால தான் மெதுவா இழுக்கச் சொல்றது.

மத்த ஃபிரேம்ல ஏன் வரலன்னு கேட்டப்ப அண்ணன் யோசிச்சுட்டு சொன்னார், வெயில் இறங்கிட்டு இருந்துச்சு, கடைசி சில ஃபிரேமை மட்டும் அவசர அவசரமா சுத்தினேன்னு. ரோலைப் பாத்தா ஆரம்பத்துல சுத்தமா இருக்கு, கடைசி பக்கம் போகப் போக சின்னச் சின்னப் புள்ளி, அப்புறம் மரம் மாதிரி கிளை விட்ட இந்த மின்னல்.

அடுத்து அந்த நிலா. இதுவும் சட்டத்தைத் தாண்டி வழிஞ்சிருந்துச்சு, அதனால சூரியன் லென்ஸ்ல அடிச்ச ஃபிளேர் இல்ல. முதல்ல நான் சந்தேகப்பட்டது ரோல் லூசா சுத்தினதை. பிரவுனிக்கு வேணுங்கிறது 620 பிலிம், கோடாக் அதை 1995-லயே நிறுத்திட்டாங்க. உள்ள இருக்கிற பிலிம் 120-ம் 620-ம் ஒண்ணு தான், சுருள் குச்சி மட்டும் மெல்லிசு, அதனால 120-ஐ இருட்டுல பழைய 620 குச்சிக்கு மாத்திச் சுத்துவாங்க, அப்ப இறுக்கம் கம்மியானா ஓரம் வழியா வெளிச்சம் ஏறும். ஆனா அது பிலிமோட ரெண்டு ஓரத்தையும் பிடிச்சுட்டு அலை அலையா வரும், நடுவுல உருண்டையா வராது. உருண்டைன்னா முதுகுல இருக்கிற சிவப்பு ஜன்னல் தான். நம்பர் பாத்துச் சுத்துறதுக்காக வச்ச அந்த ஜன்னல் சிவப்பா இருக்கிறதுக்குக் காரணம், அந்தக் காலத்து ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. இப்ப நாம போடுற பான்குரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு நல்லாவே தெரியும். வீட்டுக்குள்ளயோ மர நிழல்லயோ முதுகுக் காகிதம் சமாளிச்சிரும். டெத் வேலி ஓரத்துல கேமராவை தோள்ல மாட்டிக்கிட்டு முதுகு வெயிலைப் பாக்க நடந்தா சமாளிக்காது.

இதை ஊகமா விட மனசு இல்லாம சோதிச்சுப் பாத்தோம். ஒரு ரோலைப் போட்டு, லென்ஸ்ல மூடி போட்டு, பாதி ஃபிரேமுக்கு ஜன்னல் மேல கறுப்பு டேப் ஒட்டி, பாதிக்கு ஒட்டாம, முதுகை வெயிலுக்குக் காட்டி வச்சோம். டேப் இல்லாத ஃபிரேம்ல எல்லாம் அதே இடத்துல அதே நிலா.

ஓரம் கரைஞ்சது மட்டும் குறையே இல்ல. ஒத்தைக் கண்ணாடி லென்ஸ் நடுவுல தெளிவா இருக்கும், ஓரத்துல இருக்காது, அதோட சுபாவம் அப்படி. அது இந்தச் சிலைக்கு எவ்வளவு பொருத்தம்னு யாஷிகாவுல எடுத்ததைப் பக்கத்துல வச்சா புரியும். யாஷிகா படத்துல பின்னாடி மலை, வேலி, கார் தடம் எல்லாம் ஊசி ஊசியா தெரிஞ்சு சிலை ஒரு சாமான் மாதிரி நிக்குது, பிரவுனியில அது மட்டும் தான் இருக்கு. ஹெய்ர்மனோட ரோஸ் சிலைக்கு நேர் எதிர், அங்க கட்டங்களோட விளிம்பு தான் சிலையே, பிரவுனி அதை மாவாக்கிருச்சு. ஒரு கேமரா ஒரு இடத்துக்கு சரியா இருக்குன்னா அந்த இடத்துல இருக்கிற எல்லாத்துக்கும் சரின்னு அர்த்தம் இல்ல.

சாயங்காலம் எடுத்ததால தான் அந்த ஃபிரேம் தப்பிச்சுதுங்கிறதும் சேத்துச் சொல்லணும். பிரவுனியோட ஸ்பீடு ஏறக்குறைய ஒரு செகண்ட்ல 30-ல ஒரு பங்கு, துளை எஃப்15 கிட்ட. உச்சி வெயில்ல எஃப்பி4-க்கு இது ரெண்டு ஸ்டாப்புக்கு மேல அதிகம், வெளுத்த தரையில மூணைத் தாண்டும். மத்தியானம் எடுத்த ஃபிரேம் எல்லாம் ஸ்கேனர் திணறுற அளவுக்குக் கறுப்பு. 50 ஐஎஸ்ஓ பான் எஃப் பிலிம் போட்டா ஒண்ணேகால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல குறையும், பகல் ஆளுங்க அதைப் போடுங்க.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன், பௌர்ணமி பாத்து. நிலா வெளிச்சத்துல அந்தப் பதிமூணு உருவமும் தன்னாலயே வெளிச்சம் விடுற மாதிரி நிக்குது, யாஷிகாவை ஸ்டாண்டுல போட்டு கேபிள் ரிலீஸ்ல எடுத்தோம். இங்க இன்னொரு சிக்கல், நீண்ட நேரம் திறந்து வச்சா பிலிம் சோம்பேறி ஆகிடும், மீட்டர் சொல்ற நேரம் பத்தாது. எஃப்பி4-க்கு இல்ஃபோர்டே கணக்கு குடுத்திருக்காங்க, நேரத்தை 1.26 அடுக்குக்கு ஏத்தணும், 30 செகண்ட்னா சுமார் 73 செகண்ட். அந்த ரோல் வந்தப்ப வெள்ளை வெள்ளையா இருந்துச்சு, முகத்து இருட்டு இருட்டா இருந்துச்சு, அண்ணன் என்னைப் பாத்து "சிமென்ட் மூட்டை எங்க?"ன்னு கேட்டார்.

கண்டுபிடிச்சதை வேற இடத்துல சோதிக்கணும்னு கலிஃபோர்னியாவுல ஜோஷுவா ட்ரீ பக்கம் இருக்கிற நோவா பியூரிஃபாய்ங்கிற சிற்பியோட திறந்தவெளி சிற்ப இடத்துக்கும் போனோம். இவர் லாஸ் ஏஞ்சலஸ்ல வாட்ஸ் டவர்ஸ் கலை மையத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், 1965 வாட்ஸ் கலவரத்துல எரிஞ்ச குப்பையைப் பொறுக்கிச் சிற்பம் செஞ்சவர், 1989-ல பாலைவனத்துக்குக் குடி வந்து 2004-ல சாகுற வரைக்கும் டயர், டாய்லெட் பீங்கான், சைக்கிள், பழைய கம்ப்யூட்டர்னு கிடைச்சதை வச்சு 10 ஏக்கர்ல கட்டிக்கிட்டே இருந்தார். வெயிலும் காத்தும் அதைச் சிதைக்கிறதையும் வேலையோட ஒரு பகுதியாவே எடுத்துக்கிட்டவர். அங்க எங்க முடிவு ஒண்ணு அடி வாங்குச்சு. ஆர்கஸ்ல ஷட்டரும் பிலிம் சுத்துறதும் தனித்தனிங்கிறதால ஒரே ஃபிரேம்ல ரெண்டு தடவை சுடலாம், ரையலைட்ல வெள்ளை உருவத்து மேல பேங்க் சுவரை ஏத்தினப்ப அது அபாரமா வந்துச்சு, ஏன்னா உருவம் வெறுமையா இருக்கு, எதையும் வாங்கிக்கும். பியூரிஃபாயோட வேலை ஏற்கனவே அடுக்கு மேல அடுக்கு, அது மேல இன்னொரு படம் ஏத்தினா எது துரு எது டயர்னே தெரியல. பிரவுனியும் எடுபடல, ஓரத்துல இருக்கிற ஆணி கூட முக்கியமான இடத்துல ஓரம் கரையுறது நஷ்டம். ஜெயிச்சது யாஷிகா, எஃப்16, ஸ்டாண்டு, டேப், மெதுவா சுத்துறது, எந்த மாயமும் இல்லாம.

அண்ணன் மட்டும் ஒத்துக்கல. சிவப்பு ஜன்னல்ல டேப் ஒட்ட சம்மதிச்சுட்டார், ஜிங்க் ஏர் பேட்டரிக்கும் மாறிட்டார், ஆனா பிரவுனியை இப்பவும் வேணும்னே வேகமா சுத்துறார், அந்த மின்னல் மரம் இன்னொண்ணு விழும்னு. புள்ளி விழுது, கோடு விழுது, விழுந்தாலும் சிலை இல்லாத மூலையில விழுது. காத்துல ஈரம் எவ்வளவுன்னு பாத்துட்டுப் போங்கண்ணேன்னு ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கிக் குடுத்திருக்கேன், வாங்கிக்கிட்டார்.